ஏற்காட்டிலிருந்து பிலிப்பைன்சுக்கு: ஊழியத்தின் முதல் ஆறு வாரங்களை எப்படிக் கடப்பது

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர ஊழியத்துக்கு அழைப்புப் பெற்று, சேலத்திலிருந்தோ சேர்வராயன் மலையிலிருந்தோ முதன்முறையாக வெளிநாடு புறப்படும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இந்தச் சபையை ஊரார் மார்மன் சபை என்றே அறிவார்கள். முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று 2018இல் அப்போதைய சபைத் தலைவர் ரசல் எம். நெல்சன் கேட்டுக்கொண்ட பிறகும் அந்தப் பழைய பெயர் நம்மை விட்டுப் போகவில்லை. இளைஞர்களுக்கு 24 மாதம், இளம்பெண்களுக்கு 18 மாதம் என நீளும் இந்த ஊழியத்தில் ஆளை உலுக்கிப் பார்ப்பவை முதல் ஆறு வாரங்கள். எனக்குக் கிடைத்த நாடு பிலிப்பைன்ஸ் என்பதால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. வேறு நாடு கிடைத்தவர்கள் மொழியையும் சாப்பாட்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ஆறு வாரங்களில் போதகராக இருக்க முயலாதீர்கள். பேசத் தெரியாத ஒரு பிள்ளையாக இருக்கச் சம்மதியுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கப் போவது, நாம் பாடுபட்டுப் படித்த ஆங்கிலத்தைவிட, வீட்டில் பாடுபடாமல் பேசிய தமிழ்தான்.

புறப்படுவதற்கு முன்

முதலில் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. ஆகவே கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருப்பார்கள், அல்லது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஊழியத்தில் உங்கள் சொந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்களை ‘எல்டர்’ என்றும் பெண்களை ‘சிஸ்டர்’ என்றும் சொல்லி, அதனுடன் குடும்பப் பெயரைச் சேர்த்தே அழைப்பார்கள். சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் கறுப்புப் பெயர்ப் பட்டையிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். என் அப்பாவின் பெயர் முருகேசன். வீட்டில் அம்மாகூட உச்சரிக்காத அந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிடும்போதெல்லாம், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று முதல் வாரம் முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பம், விசா, விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று வெகு முன்னதாகவே சரிபார்த்துவிடுங்கள். இதைக் கடைசி வாரத்துக்கு விட்டவர்கள் சேலத்துக்கும் சென்னைக்கும் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்துக்காக உடம்பையும் பல்லையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டியிருக்கும். சான்று கிடைத்ததும் அதோடு விட்டுவிடாமல், சொத்தைப் பல்லை உடனே அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்கள் இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டைகளைக் கடைவீதியில் மலிவாகக் கிடைக்கிறது என்று முழுப் பாலியஸ்டரில் வாங்க வேண்டாம். அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தே இருக்கும், துணியைக் கையால் துவைத்து வீட்டுக்குள்ளேயே உலர்த்த வேண்டிய நாள்களும் வரும் என்பதால் பருத்தி கலந்த துணியே நல்லது. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது காலணி.

பெட்டியில் எண்ணெய்ப் பண்டம் எதையும் வைக்காதீர்கள். என் அம்மா சேலத்து மாங்காயை நல்லெண்ணெயில் ஊறவைத்து, பாட்டிலின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடி, அதன்மேல் ரப்பர் வளையத்தையும் போட்டுக் கொடுத்தார். சிங்கப்பூரில் விமானம் மாறி மணிலாவில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது, எட்டுச் சட்டைகளில் மூன்று மஞ்சளாகியிருந்தன. அந்தப் பகுதி ஊழியர்களுக்குப் பொறுப்பான ஊழியத் தலைவரை முதன்முதலில் சந்தித்த அன்று என்மேல் ஊறுகாய் மணம்தான் வீசியது. ரசப் பொடி, பருப்புப் பொடி போன்ற உலர்ந்த பொட்டலங்கள் இரண்டு மூன்று போதும். அவற்றையும் முதல் வாரத்திலேயே பிரித்துவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உறவினர்களிடம் என்ன சொல்வது என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. ‘மதம் மாற்றவா போகிறாய்?’ என்று பெரியப்பா நேராகவே கேட்பார். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்: கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் நம்புவதைச் சொல்லப் போகிறேன், வேண்டாம் என்பவர் வாசலிலிருந்து திரும்பிவிடுவேன், இதற்குச் சம்பளம் கிடையாது, செலவில் என் குடும்பமும் ஒரு பங்கு ஏற்கிறது. இந்தப் பதிலில் அவருக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம், ஆனால் ஒளிக்கிறான் என்ற சந்தேகம் போய்விடும். பெரும்பாலான வீடுகளில் உண்மையான கவலை மதம்கூட அல்ல, படிப்பு இரண்டு ஆண்டு தள்ளிப்போகிறதே என்பதுதான். கல்லூரியில் இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்துக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

பயிற்சிக் காலம்

பயிற்சியின் ஒரு பகுதி வீட்டிலிருந்தபடியே இணையவழியில் நடக்கும்; பிறகு பயிற்சி மையத்துக்குச் செல்ல வேண்டும். பிலிப்பைன்சில் அது மணிலாவை ஒட்டிய கேசோன் நகரத்தில், சபையின் ஆலயத்துக்கு அருகில் இருக்கிறது. இணையவழி வகுப்புக்கு மலையில் இருக்கும் பிள்ளைகள் ஒரு முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். எஸ்டேட் லயன்களில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் மின்சாரமும் சேர்ந்து போய்விடும். அந்த வாரங்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ தங்கிவிடுங்கள். மணிலா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த ஊர்க் கணக்கில் காலை 8 மணி வகுப்பு என்றால் நமக்கு விடியற்காலை 5:30 என்பதை அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மையத்தில் இருக்கும் நாள்கள் ஒழுங்கான நாள்கள். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் வகுப்பு, சுற்றிலும் நம் வயதுப் பிள்ளைகள். அங்கே மொழி வந்துவிட்டது போல ஒரு மயக்கம் ஏற்படும். ஆசிரியர் நமக்காக மெதுவாகப் பேசுகிறார் என்பது வெளியே போன பிறகுதான் உறைக்கும்.

பயிற்றுவிப்பவரும் நம்மைப் போல ஒருவர்தான்

மையத்தை விட்டு வெளியே வந்ததும் உங்களை ஒரு பயிற்றுநரிடம் ஒப்படைப்பார்கள். ஊழியர்களின் ஊரையோ துணையையோ மாற்றும் இடமாற்றங்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். பயிற்சி வழக்கமாக இரண்டு இடமாற்றக் காலம், அதாவது 12 வாரம் நீடிக்கும். பயிற்றுநர் என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவருக்கு இருபது வயது இருக்கலாம். உங்களைவிட ஓராண்டு முன்னால் வந்தவர், அவ்வளவுதான். எனக்கு வாய்த்தவர் பிலிப்பைன்சின் நடுத்தீவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழி செபுவானோ. நாங்கள் ஊழியம் செய்த லூசோன் சமவெளியின் தகாலோக் மொழி அவருக்கே பள்ளியில் படித்த மொழி. இதை அறிந்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

காலை 6:30க்கு எழுந்து இரவு 10:30க்குப் படுக்கும் வரை அவரோடுதான் இருக்க வேண்டும். ஒருவர் மற்றவரின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்குச் சங்கடமாக இருக்காது என்றாலும், நம்மிடம் வேறொரு கோளாறு உண்டு. மனத்தாங்கலை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருப்போம். வேறு நாட்டுக்காரர் அதைப் புரிந்துகொள்ள மாட்டார்.

வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் குறைநிறை பேசிக்கொள்வதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சடங்காகக் கழித்துவிடாதீர்கள். நான் இரண்டு வாரம் ‘எல்லாம் நலம்’ என்று சொல்லி முடித்தேன். மூன்றாவது வாரம் துணிந்து, ‘மற்றவர் முன்னால் என் பேச்சைத் திருத்துகிறீர்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது’ என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு, நெடுநேரம் தயங்கிய பிறகு தன் குறையைச் சொன்னார்: ‘நான் எதைச் சொன்னாலும் நீ மறுக்கிறாய்.’ எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதை மறுத்தேன் என்று கேட்டபோது, என்னைப் போலவே தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். நம் ஊரில் ‘சரி சரி’ என்று ஆட்டும் அந்தத் தலையைத்தான் அவர் பதினைந்து நாளாக ‘முடியாது’ என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே ஆமாம் என்பதற்குப் புருவத்தைச் சற்று உயர்த்துவார்கள். அதைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொள்ளுங்கள். தலையை ஆட்டும் பழக்கத்தை விடுவது காபியை விடுவதைவிடக் கடினம்.

மொழிக்குள் நுழைவது

பலரும் செய்யும் தவறு, தகாலோக்கை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பது. பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் அது இயல்பாகவே நடந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத பல வேறுபாடுகள் தமிழிலும் தகாலோக்கிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. வயலில் நிற்பது ‘பாலாய்’, கடையில் வாங்குவது ‘பிகாஸ்’, தட்டில் இருப்பது ‘கானின்’. நம்முடைய நெல், அரிசி, சோறு என்ற மூன்றும் அங்கே மூன்றாகவே இருக்கின்றன. ஆங்கிலம் இம்மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால், ஊழியர் வீட்டில் என்னோடும் பயிற்றுநரோடும் தங்கியிருந்த மற்ற இருவரில் ஒருவரான அமெரிக்கர் கடையில் போய் ஒரு கிலோ சோறு கேட்டுவிட்டு வந்தார்.

இதைவிட முக்கியமானது ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. தகாலோக்கில் ‘தாயோ’ என்றால் நாம், கேட்பவரையும் சேர்த்தது. ‘காமி’ என்றால் நாங்கள், கேட்பவரைச் சேர்க்காதது. அந்த அமெரிக்க நண்பர் ஒரு வீட்டில் ஜெபத்துக்குப் பிறகு மிகுந்த உருக்கத்தோடு, ‘கடவுள் எங்களை நேசிக்கிறார்’ என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பாட்டி, ‘அப்படியானால் எங்களை?’ என்று கேட்டார். நமக்கு இந்தத் தவறு வராது, தமிழில் நினைத்துப் பேசினால் போதும். ஜெபத்திலும் இதே விதிதான். கடவுளிடம் பேசும்போது அவரை நம் கூட்டத்தில் ஒருவராகச் சேர்ப்பதில்லை என்பதால் நாம் ‘எங்கள் பிதாவே’ என்கிறோம். அவர்களும் ‘அமா நாமின்’ என்று, ‘நம்’ போடாமல் ‘எங்கள்’ போட்டே சொல்கிறார்கள். இந்த இலக்கணத்தை எனக்கு வகுப்பில் அரை மணி நேரம் விளக்கினார்கள். தமிழில் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

மரியாதையும் அப்படித்தான். வாக்கியத்தில் ஒரு ‘போ’ சேர்த்தால் அது நம்முடைய ‘ங்க’ போல ஆகிவிடும். நம் ஊரில் ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு அது தானாக வந்துவிடும்; எங்கே தேவை என்று யோசிக்காமல் எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள், அதிக மரியாதை கொடுத்ததற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரியவர்களைப் பார்த்தால் அவர்கள் நீட்டும் கையின் பின்புறத்தைக் குனிந்து நம் நெற்றியில் ஒற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம். காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்பதும் நம் ஊரைப் போலவே நலம் விசாரிப்புதான்.

கற்கும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். நாளுக்கு ஐந்து வாக்கியங்கள் எடுத்துக்கொண்டு, அவற்றை அன்று மாலைக்குள் உயிருள்ள ஐந்து பேரிடம் பயன்படுத்திவிட வேண்டும். சபைப் பாடமாகவே இருக்க வேண்டியதில்லை. ஜீப்னி என்ற சிறு பேருந்தில் உட்கார்ந்து ‘கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று காசை முன்னால் இருப்பவரிடம் கைமாற்றிக் கொடுப்பதும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி இறங்குவதும்கூடப் பாடம்தான். காலைப் படிப்பில் நம் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைத் தகாலோக்கிலும் தமிழிலும் அருகருகே வைத்து, ஒரே வசனத்தை இரண்டிலும் வாய்விட்டு வாசியுங்கள். வசன எண்கள் ஒன்றாக இருப்பதால் அகராதி பாதி நேரம் தேவைப்படாது.

குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. ‘பல்’லில் வரும் ஒலி, ‘அம்பு’வில் வரும் ஒலி இரண்டுக்கும் நம் ‘ப’ ஒன்றே என்பதால் குழப்பம் வரும். அழுத்திச் சொல்லும் ஒலியின்கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் கோடு போடவில்லை. ‘புமிலி’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு விதமாகச் சொன்னால் அதற்குத் ‘தேர்ந்தெடுக்க’ என்று பொருள், இன்னொரு விதமாகச் சொன்னால் ‘விலைக்கு வாங்க’. மனிதன் நல்லதைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற பாடத்தை ஒரு வீட்டில் நான் முழுக்க முழுக்க, நல்லதை விலை கொடுத்து வாங்குங்கள் என்று நடத்தி முடித்தேன். வீட்டுக்கார அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘தவணையா, ரொக்கமா?’ என்றார்.

வாசலில் நிற்கும்போது

அந்த அம்மாளின் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதில்லை. பிலிப்பைன்சில் இந்தியர் என்றாலே ‘பும்பாய்’ என்பார்கள். பம்பாய் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து கடன் கொடுக்கும் இந்தியர்கள் அங்கே நெடுங்காலமாக இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் வழியினர். ஐந்து கொடுத்தால் ஆறு திருப்ப வேண்டும் என்பதால் அந்தத் தொழிலுக்கே ‘ஐந்துக்கு ஆறு’ என்று பெயர். கொசுவலை, குடை, மின்விசிறி ஆகியவற்றையும் தவணைக்கு விற்பார்கள். சேலத்தில் தினத் தண்டல் வாங்கிய வீட்டுக்குள் தண்டல்காரரின் வண்டிச் சத்தம் கேட்டதும் என்ன நடக்குமோ, அதுவேதான் நான் தெருவில் நுழைந்ததும் நடந்தது. கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் பையன் வெளியே வந்து, ‘அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்’ என்றான். அடம்பிடிக்கும் குழந்தைகளைப் ‘பும்பாய் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான்’ என்று பயமுறுத்துவதும் உண்டாம்; என்னைப் பார்த்து அழுத குழந்தைகளின் கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை.

இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. நான் கண்டுபிடித்த வழி இதுதான். கதவைத் தட்டாதீர்கள், அந்த ஊர் வழக்கப்படி வேலிக்கு வெளியே நின்று ‘தாவ் போ’ என்று குரல் கொடுங்கள். மனிதன் வந்திருக்கிறேன், ஐயா என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதைவிட அடக்கமான அறிமுகம் இருக்க முடியாது. ஒரு கையால் பெயர்ப் பட்டையைத் தொட்டுக் காட்டி, யார், எந்தச் சபை, யாரோடு வந்திருக்கிறேன் என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். குறிப்பேடும் பேனாவும் கையில் இருக்கவே கூடாது, அவை கடன் கணக்கை நினைவூட்டும். அதன் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் நீங்களே சிரித்துக்கொண்டு, ‘நான் கடன் கொடுப்பதில்லை, கையில் காசே இல்லை’ என்று சொல்லுங்கள். மற்ற எந்த நாட்டு ஊழியருக்கும் கிடைக்காத சிரிப்பு அந்த வாக்கியத்துக்குக் கிடைத்தது.

மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கிறிஸ்துவை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை அங்கே இல்லை. அவர்களுடைய மாதா சொரூபத்தையோ திருவிழாவையோ குறைத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். ஏற்காட்டில் மே மாதச் சேர்வராயன் திருவிழாவுக்குப் போகும் அண்டை வீட்டாரோடு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த நாகரிகம் ஏற்கெனவே தெரியும்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறேன் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். முதல் ஞாயிறு பதினொரு பேருக்காக நாற்காலி போட்டுக் காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை. முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதையில்லை என்பதற்காகச் சொல்லும் ‘ஆமாம்’ அது. நம் ஊர்ப் ‘பார்க்கலாம்’ போன்றது என்று எடுத்துக்கொண்டால் மனம் நோகாது.

சாப்பாடும், குடிக்காத காபியும்

சோறு மூன்று வேளையும் உண்டு என்பதால் சாப்பாட்டைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ‘சினிகாங்’ என்பது புளி போட்ட குழம்பு. காரம் இருக்காது, புளிப்பு இருக்கும், ரசத்துக்கு ஏங்குபவர்களை அது பாதி ஆற்றும். கோழிச் சாறில் போடும் கீரைக்கு ‘மலுங்கை’ என்று பெயர். அது நம் முருங்கைதான், பெயரிலேயே உறவு தெரிகிறது. முருகேசன் என்ற பெயர் வாயில் நுழையாத தெருப் பிள்ளைகள் மூன்றாம் வாரம் முதல் என்னை ‘எல்டர் மலுங்கை’ ஆக்கிவிட்டார்கள். பன்றி இரத்தத்தில் செய்யும் ‘தினுகுவான்’ என்ற கறுத்த குழம்பைப் பார்த்து மற்ற நாட்டுப் பிள்ளைகள் நடுங்குவார்கள். ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்ட வீட்டிலிருந்து வருபவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை. ஓட்டுக்குள் குஞ்சு பாதி உருவான வாத்து முட்டையான ‘பாலுட்’ மட்டும் வேறு விஷயம். அதை மறுத்தால் தவறில்லை. சாப்பிட்டால் தெருவில் மதிப்புக் கூடும். நான் ஒருமுறை சாப்பிட்டேன். கொதிக்க வைத்த தண்ணீரையோ சுத்திகரித்த தண்ணீரையோ தவிர வேறு தண்ணீரைக் குடிக்காதீர்கள்; புயல் மழைக்குப் பிறகு தேங்கிய வெள்ளத்தில், காலில் சிறு கீறல் இருந்தாலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

காபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அந்தச் செடிகளின் வழித்தோன்றல்களில் பழம் பறித்துத்தான் என் அப்பா என்னை வளர்த்தார். நம் சபையிலோ 1833இல் ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடான ‘ஞான வார்த்தை’யின்படி மது, புகையிலையோடு காபியும் தேநீரும் கூடாது. சுக்கு மல்லிக் காபியில் காபி இல்லை, ஆகவே அது கூடும். ஆனால் அதன் பெயரை வெளிநாட்டுச் சபையாரிடம் விளக்கப் புறப்பட்டுவிடாதீர்கள், நான் பட்டது போதும்.

பிலிப்பைன்சில் எந்த எளிய வீட்டுக்குப் போனாலும் பொட்டலக் காபியைப் பிரித்துச் சுடுநீரில் கலக்கத் தொடங்கிவிடுவார்கள். மறுப்பை, அவர்கள் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே, உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். ‘தண்ணீர் போதும், பாட்டி’ என்று நீங்களே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் விருந்தோம்பல் செய்த நிறைவு அவர்களுக்குக் கிடைத்துவிடும். ஒருமுறை நான் வாய் திறப்பதற்குள் ஒரு பாட்டி கோப்பையைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டார். வீட்டில் இருந்த கடைசிப் பொட்டலம் அது என்பது கூடையைப் பார்த்தபோதே தெரிந்தது. குடிக்கவும் முடியாமல், வைக்கவும் முடியாமல், தெரிந்த கொஞ்சம் தகாலோக்கைத் திரட்டி, ‘என் அப்பா மலையில் காபிப் பழம் பறிக்கிறார், நான் காபி குடிப்பதில்லை’ என்றேன். பாட்டி கோப்பையைத் திரும்ப வாங்கித் தானே உறிஞ்சியபடி, மலை எவ்வளவு உயரம், பழம் எந்த மாதம் சிவக்கும், அப்பாவுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் முதல் நீண்ட உரையாடல் அதுதான். அதன் பிறகு வீடு வீடாக நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டது, காபி மலையிலிருந்து வந்த காபி குடிக்காத ஆள் என்றுதான். உங்கள் வீட்டுத் தொழில் தறியோ, வெள்ளிக் கொலுசோ, ஜவ்வரிசி ஆலையோ, எதுவானாலும் அதைப் பற்றி ஐந்து வாக்கியங்களை முதல் வாரத்திலேயே பாடம் செய்துகொள்ளுங்கள்.

வீட்டு நினைவு

2019 முதல் வாரம் ஒருமுறை, துவைப்பது போன்ற சொந்த வேலைகளுக்கு விடும் ஆயத்த நாளில், வீட்டாரோடு தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம். அதற்கு முந்தைய காலத்து ஊழியர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே குரல் கேட்டார்கள். நான் பெரும்பாலும் திங்கள் காலை 9 மணிக்கு அழைப்பேன். வீட்டில் அப்போது 6:30, அப்பா வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் நேரம். முதல் இரண்டு வாரம், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்று அழுகை வரும். அதைத் தடுக்க ஒரு சிறு தந்திரம் உண்டு: அந்த வாரம் சாப்பிட்ட ஒரு பண்டம், போன ஒரு வீடு, செய்த ஒரு தவறு என மூன்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு அந்த மூன்றும் பதிலாகிவிடும்.

மாலை வேளைகளில் எனக்கு, தட்டைகளுக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட் நினைவு வந்துவிடும். நான்காம் வாரம் பெட்டிக்கடையில் உப்பு பிஸ்கட் வாங்கி, கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவி, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்து நடுவில் வைத்து, வீட்டிலிருந்த நான்கு பேருக்கும் கொடுத்தேன். தட்டுவடைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் அடுத்த வாரம் மூவரும் அதையே மறுபடி கேட்டார்கள்.

ஆறாவது வார இறுதியில் இடமாற்றச் செய்தி வரும். பயிற்சி முடியாததால் பெரும்பாலும் நீங்கள் அங்கேயேதான் இருப்பீர்கள். உடன் இருக்கும் மற்ற இருவரில் ஒருவர் போகக்கூடும். அவர் பெட்டி கட்டும் இரவில், அதுவரை தொடாமல் வைத்திருந்த ரசப் பொடியைப் பிரித்து, சந்தையில் வாங்கிய புளியைக் கரைத்து, நான்கு பேருக்கும் ரசம் வையுங்கள். காரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.